வளர்ந்தோர்க்கு மனவெழுச்சிப் பயிற்சி

எழுத்தறியாதவனை நாம் பள்ளிக்கு அனுப்புகின்றோம். கணக்கறியாதவனுக்குக் கணக்குக் கற்பிக்கின்றோம். ஆனால், சினம் மேலிட்டபோது சொல்லையும் கையையும் வீசிவிடும் ஒருவரைக் கண்டால், "அது அவருடைய பிறவிக்குணம்" என்று கூறி அமைந்துவிடுகின்றோம். அவ்வாறே, துயரத்தை எடுத்துரைக்கத் தெரியாது உள்ளே வைத்து வாடுபவரை "அழுத்தமானவர்" என்றும், சிறுசொல்லுக்கும் உடைந்துபோகின்றவரைத் "தொட்டாற்சிணுங்கி" என்றும் பெயரிட்டு விடுகின்றோம். பெயரிட்டபின் அவர்பொருட்டுச் செய்யத்தக்கது யாதுமில்லை என்பது நமது எண்ணம். இவ்வெண்ணம் பிழையானது. மனவெழுச்சிகளை அறிந்து ஆளுதல் ஒரு திறன். திறனாதலின் அது கற்கத்தக்கது. இளமையில் மாத்திரமன்றி வளர்ந்த பின்னரும் கற்கத்தக்கது. வளர்ந்தோர் அதனைக் கற்பதால் விளையும் நன்மைகள் யாவை, அவற்றின் எல்லை யாது, நமது பாடசாலைகளில் அக்கல்விக்கு உரிய இடம் யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனவெழுச்சி என்பது யாது என்பதை முதலில் வரையறுத்துக் கொள்ளுதல் நலம். இருளிற் கிடக்கும் பழுதையொன்றைப் பாம்பென்று கருதி ஒருவன் துள்ளி விலகுகின்றான். அவன் நெஞ்சு படபடக்கின்றது, உடல் வியர்க்கின்றது, கால்கள் தாமே பின்வாங்குகின்றன. விளக்கைக் கொணர்ந்து காட்டியதும் அச்சம் நீங்குகின்றது. வேதாந்திகள் வேறொரு பொருளை விளக்குதற்கு எடுத்தாண்ட இவ்வுவமை உளநூலுக்கும் நன்கு பொருந்துவதாகும். நிகழ்வு ஒன்று, அதற்கு உள்ளம் கொடுத்த பொருள் மற்றொன்று, அப்பொருளின்வழி உடலில் எழுந்த மாற்றம் பிறிதொன்று, அம்மாற்றத்தின்வழி நிகழ்ந்த செயல் இன்னுமொன்று. இந்நான்கும் கண்ணிமைக்கும் பொழுதிற்குள் தொடர்ந்து நிகழ்வதால் அவை ஒன்றேபோலத் தோன்றுகின்றன. அவற்றைப் பிரித்தறியப் பழகுதலே மனவெழுச்சிப் பயிற்சியின் தொடக்கமாகும்.

1990ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலாராகிய பீற்றர் சலோவே, ஜோன் மேயர் என்னும் இருவர் இத்திறனை ஒருவகை நுண்ணறிவாகக் கொண்டு ஆராய்ந்து எழுதினர். 1997இல் அதனை நான்கு கூறுகளாக வகுத்தனர். தன்னிடத்தும் பிறரிடத்தும் எழும் மனவெழுச்சியைக் கண்டறிதல், சிந்தனைக்குத் துணையாக அதனைப் பயன்படுத்தல், அதன் காரணத்தையும் போக்கையும் விளங்கிக்கொள்ளல், அதனை நெறிப்படுத்தல் என்பன அவை. 1995இல் டானியேல் கோல்மன் எழுதிய நூலினால் இக்கருத்து உலகெங்கும் பரவிற்று. பரவியபோது, வாழ்க்கையின் வெற்றியெல்லாம் இதனாலேயே அமையும் என்ற மிகைக்கூற்றுக்களும் உடன் பரவின. அம்மிகைகளை ஒதுக்கிவிட்டு, நிலைபெற்ற செய்திகளை மாத்திரமே நாம் கருதுவோம்.

தமிழ் கற்றார்க்கு இத்துறை முற்றிலும் புதியதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றொரு தனி இயல் உண்டு. அச்சம், அழுகை, இளிவரல், உவகை, நகை, பெருமிதம், மருட்கை, வெகுளி என்னும் எட்டும் அங்கே கூறப்படுகின்றன. உள்ளத்து நிகழ்வது மெய்யின்கண் புலப்படுதலின் அவற்றுக்கு மெய்ப்பாடு என்று பெயராயிற்று. ஒவ்வொரு மெய்ப்பாடும் நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்பதும் ஆசிரியர் வகுத்த முறையாகும். இழவினால் மாத்திரமன்றி, பிறர் இகழ்ந்தபோதும், முன்னைய நிலை கெட்டபோதும், வறுமையுற்றபோதும் அழுகை பிறக்கும். நகையும் அவ்வாறே: எள்ளல் ஒரு காரணம், இளமையும் பேதைமையும் மடனும் ஏனைய காரணங்கள். இவ்வியல் செய்யுளை நோக்கி எழுந்தது உண்மையே. ஆயினும், ஒரே மெய்க்குறி பல காரணங்களால் தோன்றும், காரணத்தை அறிந்தே குறியின் பொருளைத் துணியவேண்டும் என்ற தெளிவு அதனுள் அடங்கியிருத்தலை மறுத்தல் இயலாது.

இதனைக் கற்பித்தல் வேறு. இதன்படி ஒழுகுதல் வேறு என்பதற்கு எனது அநுபவமே சான்றாகும். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், பத்தாம் வகுப்பில் இலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான். அன்று காலையில் வேறொரு காரணத்தால் என் மனம் நொந்திருந்தது. அவன் என்னை எள்ளுகின்றான் என்று துணிந்தேன். அவனை எழுப்பி நிறுத்தி, அவன் குடும்பத்தின் வறுமையையும் தொட்டு, நாற்பது பேர் முன்னிலையில் வாய்க்கு வந்தவாறு வைதேன். சில வாரங்கள் கழித்து அவன் தாயார் வேறு அலுவலாகப் பாடசாலைக்கு வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. அன்று விடியற்காலையில் அவர்கள் வீட்டுப் பசு கன்று ஈன்றிருந்தது. அந்தக் கன்று எழுந்து நிற்க முயன்று விழுந்ததை நினைந்து நினைந்து அவன் சிரித்திருக்கின்றான். நகைக்கு நான்கு நிலைக்களன் என்று மனனஞ் செய்தவன், தேவைப்பட்ட நாளில் ஒன்றையே கண்டேன். அதனினும் வருந்தத்தக்கது பின்னர் நிகழ்ந்தது. அம்மாணவனிடம் பிழை பொறுக்கும்படி கேட்க விரும்பியும் எனக்குச் சொல் வரவில்லை. நாற்பது பேர் முன் வையத் தெரிந்த எனக்கு ஒருவன் முன் வருந்தத் தெரியவில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதி அவன் நீங்கும்வரை என் பாடவேளையில் அவன் தலைநிமிர்ந்து கேள்வி கேட்டதை நான் கண்டிலேன்.

அன்று எனக்கு வேண்டியிருந்தவை எவை? என் மனம் நொந்திருக்கின்றது என்பதை அறியும் திறன், சிரிப்புக்கு வேறொரு பொருளும் இருக்கலாம் என்று ஐயுறும் திறன், சொல் எழுமுன் சற்றே நிற்கும் திறன், பிழைத்தபின் உறவைச் சீர்செய்யும் திறன் என்பனவாம். இந்நான்கனுள் ஒன்றேனும் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலோ ஆசிரியப் பயிற்சியிலோ முறையாக எனக்குக் கற்பிக்கப்படவில்லை. பெரும்பாலானோர் நிலை இதுவேயாகும்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழக்கூடும். சினத்தை அடக்குக என்று நமது அறநூல்கள் பண்டே கூறியுள்ளனவே. இதற்கெனத் தனிப்பயிற்சி எதற்கு என்பர் சிலர். திருவள்ளுவர் அடக்கமுடைமை, பொறையுடைமை, வெகுளாமை என மூன்று அதிகாரங்களைத் தனித்தனியே வகுத்திருத்தல் இங்கு கருதத்தக்கது. ஒன்றையே மும்முறை கூறுதல் அவர் கருத்தாயிராது. தன்னை ஆளுதலும், பிறர் செய்த தீங்கைப் பொறுத்தலும், வெகுளி எழாதவாறு உள்ளத்தை அமைத்தலும் வேறுவேறு பயிற்சிகள். நாமோ இம்மூன்றையும் ஒன்றாக்கி, "வாயை மூடிக்கொண்டிரு" என்னும் ஒரேயொரு கட்டளையாகச் சுருக்கிவிட்டோம்.

வாய்மூடியிருத்தல் ஆளுதலாகாது என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஜேம்ஸ் குரோஸ் என்னும் உளநூலார் 1990களிலிருந்து இதனைச் சோதனைகள் வாயிலாக ஆராய்ந்தவர். துயரமோ அருவருப்போ ஊட்டும் திரைப்படக் காட்சிகளைச் சிலருக்குக் காட்டி, முகத்தில் யாதும் தோன்றாதவாறு மறைக்கும்படி பணித்தபோது, அவர்தம் முகம் அமைதியுற்றது. ஆனால், இதயமும் குருதிநாளங்களும் முன்னையினும் மிகுதியாக உழைத்தன. பின்னைய சோதனைகளில், மறைப்பதிலேயே கருத்தூன்றியவர்கள் அவ்வேளை கண்டுங்கேட்டும் இருந்த செய்திகளைக் குறைவாகவே நினைவிற் கொண்டிருந்தமையும் அறியப்பட்டது. காட்சியை வேறொரு நோக்கிற் காணும்படி முன்கூட்டியே பழக்கப்பட்டவர்களுக்கோ இத்தகைய இடர் நேரவில்லை. பழுதையைக் கண்டு எழுந்த நடுக்கத்தைப் பல்லைக் கடித்து மறைப்பவன் முதலாமவன். விளக்கைக் கொணர்பவன் இரண்டாமவன்.

வளர்ந்தவரால் இதனைக் கற்றல் கூடுமா என்பது அடுத்த வினா. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழி நம்மிடையே ஆழவேரூன்றியுள்ளது. இளமையிற் கற்றல் எளிது என்பதில் ஐயமில்லை. ஆயின், உந்துதலைத் தடுத்து நிறுத்தித் தீர்மானிக்க உதவும் முன்மூளைப் பகுதி முழுவளர்ச்சி அடைவதே ஏறத்தாழ இருபத்தைந்து வயதளவிலாகும். அதன் பின்னரும் பயிற்சிக்கேற்ப மூளையின் இணைப்புக்கள் மாறுந்தன்மையன. மேலும், பிள்ளைக்கு இல்லாத ஒரு வாய்ப்பு வளர்ந்தவனுக்கு உண்டு. தன் வாழ்வில் மீண்டும் மீண்டும் நிகழும் பிழைகளைத் திரும்பிப் பார்த்தற்கு வேண்டிய அநுபவம் அவனிடத்தே இருக்கின்றது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்தும், பயிலாதாரோடு ஒப்பிட்டும் செய்யப்பட்ட 58 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆராய்ச்சியொன்று, வளர்ந்தோரின் மனவெழுச்சித் திறன் பயிற்சியினால் நடுத்தர அளவில் உயர்கின்றது எனக் கண்டது. நடுத்தர அளவு என்பதைக் கவனிக்க. பயிற்சி ஒருவரை முனிவராக்குவதில்லை. ஆயினும் அவரது இல்லத்தார் உணரத்தக்க மாற்றத்தை விளைக்க அவ்வளவே போதுமாகும்.

இனி, பயிற்சியில் யாது கற்பிக்கப்படுகின்றது என்பதைக் காண்போம். முறைகள் பலவாயினும் அவற்றின் உள்ளுறை பெரும்பாலும் ஒத்ததே.

முதலாவது, உடற்குறியை அறிதல். சினம் எழுமுன் சிலருக்குத் தாடை இறுகும். சிலருக்குக் காது சுடும். சிலருக்கு மூச்சு மேல்மார்பிலே நிற்கும். சிலர் தம்மையறியாது குரலை உயர்த்துவர். தமக்குரிய முதற்குறி எதுவென்பதை அறிந்தவர், மழைக்கு முன் காற்றை அறியும் கமக்காரனைப்போல, வருவதை முன்னறிந்து ஆயத்தம் செய்யக்கூடியவராவர். இதன்பொருட்டு ஓர் அப்பியாசக் கொப்பியில் நிகழ்வு, உடற்குறி, எழுந்த எண்ணம், செய்த செயல், விளைவு என ஐந்து நிரல்கள் வரைந்து, நாடோறும் ஒரு நிகழ்வையேனும் எழுதி வருதல் வேண்டும்.

இரண்டாவது, உரிய பெயர் இடுதல். நமது மொழியில் இதற்கு வேண்டிய சொற்கள் நிரம்ப உள்ளன. சினம், எரிச்சல், மனத்தாங்கல், கறுவு, ஆற்றாமை, ஏமாற்றம், அவமானம், பொறாமை என்பன ஒன்றல்ல. மாலையில் வீடு திரும்பிப் பிள்ளைமேற் சீறிவிழும் தந்தை தமக்குக் கோபம் என்றே கருதுகின்றார். எண்ணிப்பார்ப்பின், காலையில் அலுவலகத்தில் மேலதிகாரி தம்மைச் சிறுமைப்படுத்தியதால் உண்டான அவமானமே அது என்பது புலப்படலாம். அவமானம் என்று அறிந்தபின் அதற்குப் பிள்ளை காரணமன்று என்பதும் தானே விளங்கும். பெயரிடுதலுக்கு உடல்சார்ந்த பயனும் உண்டு. 2007இல் மத்தியூ லீபர்மனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வொன்றில், சினமோ அச்சமோ கொண்ட முகங்களைக் கண்டவர்கள் அவ்வுணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தெரிந்தெடுத்தபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப்பகுதியின் கிளர்ச்சி தணிந்தது. முன்மூளையின் ஒரு பகுதி தொழிற்படலாயிற்று.

மூன்றாவது, உடலைத் தணித்தல். மூச்சை வெளிவிடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுத் தாழ்கின்றது. ஆதலின், உட்கொள்ளும் மூச்சினும் வெளிவிடும் மூச்சை நீளச்செய்து சில நிமிடங்கள் இருப்பின் படபடப்பு அடங்கும். யோகநூலார் பிராணாயாமம் என்று போற்றிய துறையின் மிக எளிய படி இது. மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1979இல் ஜோன் கபாற்சின் என்பவர் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி, கீழைத்தேயத் தியான முறைகளைச் சமயச் சார்பின்றி நோயாளிகளுக்குக் கற்பித்தது. அது பின்னர் பல நாடுகளிலும் பரவிற்று.

நான்காவது, இரண்டாம் பொருளைத் தேடுதல். "அவன் என்னை அவமதிக்கின்றான்" என்று உள்ளம் தீர்ப்பளித்தவுடன், "வேறு யாதாக இருக்கலாம்?" என்று ஒரு வினாவையேனும் எழுப்பப் பழகுதல். தீர்ப்பு எப்பொழுதும் பிழையென்று இதற்குப் பொருளன்று. சிலவேளை பாம்பு பாம்பேயாகும். விளக்கைக் காணாமல் தடியை எடுத்தலே விலக்கத்தக்கது.

ஐந்தாவது, சொல்லுதலும் கேட்டலும். கலிபோர்னியாவில் 1962இல் பெற்றோர்க்கென ஒரு பயிற்சியைத் தொடங்கிய தோமஸ் கோர்டன், பிறர்மேற் குற்றஞ் சாட்டுதற்குப் பதிலாகத் தன் நிலையைத் தன்மையிடத்துச் சொல்லும் முறையைக் கற்பித்தார். "நீ எப்பொழுதும் இப்படித்தான்" என்பது ஒரு சொல். "நீ சொல்லாமல் பிந்தி வந்ததால் நான் பயந்துபோனேன்" என்பது மற்றொரு சொல். முன்னையது சண்டைக்கு அழைப்பது. பின்னையது விடைக்கு இடமளிப்பது. கேட்டலிலும் ஒரு முறை உண்டு. மறுமொழி கூறுமுன், மற்றவர் கூறியதை நம் சொல்லில் திருப்பிக்கூறி, "நீங்கள் கூறியது இதுதானா?" என்று உறுதிசெய்தல் அது. மிக எளியதாகத் தோன்றினும், இதனைச் செய்யும்போதுதான் நாம் எவ்வளவு குறைவாகக் கேட்கின்றோம் என்பது தெரியவரும். பிழை செய்தபின் இன்னது செய்தேன், அது உங்களை இவ்வாறு புண்படுத்திற்று, இனி இவ்வாறு செய்வேன் என்று கூறுதலும் இவ்வகையினுள் அடங்கும். "அப்படி ஏதும் மனம் நொந்திருந்தால்" என்ற பூச்சுச்சொல் வருத்தமாகாது.

இவையெல்லாம் கேட்ட அளவில் வந்துவிடுவன அல்ல. மாஷா லினெகன் என்னும் அமெரிக்க உளநூலார், தம்மைத் தாமே துன்புறுத்தும் நிலைக்கு உள்ளானோர்பொருட்டு வகுத்து 1993இல் நூலாக வெளியிட்ட முறையில், விழிப்புடைமை, துன்பந் தாங்கல், மனவெழுச்சியை நெறிப்படுத்தல், பிறரோடு பழகல் என நான்கு திறன்கள் வகுப்பறைப் பாடங்களைப்போலவே வாரந்தோறும் கற்பிக்கப்படும், வீட்டுவேலையும் உண்டு. நமது அலுவலகங்களில் நடைபெறும் ஒருநாட் செயலமர்வையும், மதிய உணவுப் பொதியையும், மாலையில் வழங்கப்படும் சான்றிதழையும் இதனோடு ஒப்பிட்டு நோக்குக. ஒரேநாளில் மிருதங்கம் கற்பிப்பதாக யாரேனும் விளம்பரஞ் செய்தால் நாம் நம்புவோமா?

பயன்களுள் தலையாயது, துன்பமுற்றோர் தம் துன்பத்தைக் கையாளும் வலிமை பெறுதலாகும். இதற்குச் செல்வநாடுகளையே நாடவேண்டியதில்லை. சிம்பாப்வே நாட்டின் தலைநகராகிய ஹராரேயில், உளமருத்துவராகிய டிக்சன் சிபாண்டா 2006ஆம் ஆண்டளவில் ஒரு பணியைத் தொடங்கினார். சுகாதார நிலைய வளவில் மரநிழலில் ஒரு வாங்கு, அதன் ஒருபுறத்தில் அவ்வூர்ப் பாட்டியொருவர், மறுபுறத்தில் துயருற்றவர். பாட்டிமார் மருத்துவர் அல்லர். செவிசாய்த்துக் கேட்கவும், பல சிக்கல்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து அதற்கான சிறு வழியைத் துயருற்றவரே காணுமாறு துணைநிற்கவும் பயிற்றப்பட்டவர்கள். மனச்சோர்வை அந்நாட்டுச் சோனா மொழியில் "மிகுதியாக யோசித்தல்" என்னும் பொருள்படும் சொல்லாற் குறிப்பர். நம்மூரிலும் "யோசனை கூடிவிட்டது" என்றே கூறுவதை அன்பர்கள் அறிவர். 2016இல் வெளியான, 573 பேர் பங்குபற்றிய ஆய்வில், வாங்கில் அமர்ந்து உரையாடியவர்களின் மனச்சோர்வுக் குறிகள் ஆறு மாதங்களின் பின் ஏனையோரினும் கணிசமாகக் குறைந்திருந்தன.

உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஐந்து அமர்வுப் பயிற்சி பிறிதொரு சான்றாகும். மூச்சைத் தணித்தல், சிக்கலைக் கூறுகளாக்கித் தீர்த்தல், கைவிட்ட அலுவல்களைச் சிறிது சிறிதாக மீளத் தொடங்கல், உறவினர் நண்பர் துணையை வலுப்படுத்தல் என்பன அதன் பாடங்கள். கற்பிப்போர் உளநூற் பட்டம் பெறாத பொதுமக்கள். வன்செயலால் நலிந்த பாக்கிஸ்தானின் பெஷாவரில் 346 பேரிடையே இது சோதிக்கப்பட்டபோது, பயின்றோரின் மனச்சோர்வும் பதகளிப்பும் மூன்று மாதங்களின் பின்னரும் குறைந்திருந்தன. கென்யாவின் நைரோபி நகரில், வன்முறைக்கு உள்ளான பெண்கள் உள்ளிட்ட 421 பெண்களிடையே நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்விலும் பயின்றோர் நன்மை பெற்றமை காணப்பட்டது.

நம் நாட்டின் அநுபவம் இதனினும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்தனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. கொடிய பூச்சிநாசினிகள் சிலவற்றை அரசு 1995இலும் 1998இலும் தடைசெய்தபின், 2005ஆம் ஆண்டளவில் அவ்விகிதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. 1996 முதல் 2005 வரையான பத்தாண்டுகளில், அதற்கு முந்திய பத்தாண்டுகளை நோக்க, ஏறத்தாழ 20,000 உயிர்கள் குறைவாகவே இழக்கப்பட்டன என ஆய்வாளர் கணித்தனர். இதனால் அறியப்படுவது யாது? இச்செயல்களுட் பல நெடுநாள் ஆலோசித்தவை அல்ல. வீட்டில் எழுந்த ஒரு பிணக்கு, ஒரு வசைச்சொல், ஒரு அவமானம் ஆகியவற்றின்பின் குறுகிய பொழுதில் நிகழ்ந்தவை. அப்பொழுது கடந்துவிட்டால் உயிர் பிழைத்துவிடும். நஞ்சைக் கைக்கெட்டாமற் செய்து அரசு அப்பொழுதைக் கடத்தியது. அது பெரும்பணி. அதனோடு, அப்பொழுதினை ஒருவர் தாமே கடக்கவும், அருகிலிருப்பவர் மற்றொருவரைக் கடத்திவிடவும் கற்பித்தல் நம்மேலுள்ள கடனாகும். வசைச்சொல் எழாமற் காத்தலும் அக்கடனுள் அடங்கும்.

இப்பயிற்சிக்கு எல்லைகளும் உள்ளன. அவற்றைக் கூறாது விடுதல் நேர்மையன்று. சமூகவியலாராகிய ஆர்லி ஹொக்சைல்ட் 1983இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்களின் புன்னகையே ஊதியத்துக்குரிய உழைப்பாக ஆக்கப்பட்டதனையும், அதனால் அவர்கள் தம் உணர்வினின்றே அந்நியப்படுவதனையும் எடுத்துக்காட்டினார். குறைந்த சம்பளத்தையும், நெருக்கடி மிகுந்த வகுப்பறையையும், மேலதிகாரியின் முறைகேட்டையும் அவ்வாறே வைத்துக்கொண்டு, "உங்கள் மனத்தைச் சாந்தப்படுத்துங்கள்" என்று ஊழியர்க்கு உபதேசித்தல் பயிற்சியின் பெயரால் நிகழும் அநீதியாகும். அநீதி கண்டு எழும் வெகுளியை அழித்துவிடுதல் மனவெழுச்சிப் பயிற்சியின் நோக்கமன்று. உரிய காரணத்துக்காக, உரியவர்மேல், உரிய அளவில், உரிய காலத்தில் சினங்கொள்ளுதலையே அரிஸ்டோட்டிலும் நற்பண்பாகக் கொண்டார். போரினால் உறவுகளை இழந்தோரின் துயரத்தைத் திறன்குறைவு என்று கூறுவதும் கொடுமையாகும். போர் தனிமனிதரை மாத்திரமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்பதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் எழுத்துக்கள் விளக்கியுள்ளன. கூட்டாக உற்ற காயம் கூட்டாகவே ஆற்றப்படவேண்டும். இன்னும், கடுமையான மனநோய்க்கு மருத்துவரே வேண்டும். மூச்சுப்பயிற்சி மருந்துக்கு ஈடாகாது.

இவ்வெல்லைகளை உளங்கொண்டு, நமது பாடசாலைகளை நோக்குவோம். பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்குமாறு கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விடுத்தது. அது வரவேற்கத்தக்கது. ஆயின், பிரம்பை வாங்கிக்கொண்ட கல்வியுலகம் அதற்கு மாற்றாக ஆசிரியர் கையில் யாது கொடுத்தது? பிரம்பு ஓய்ந்த இடங்களில் நாக்கு அதன் தொழிலை மேற்கொண்டதை நாம் அறிவோம். நானும் அதற்கு விலக்காயிருக்கவில்லை. ஒரு பழக்கத்தை நீக்குமாறு கட்டளையிடுதல் எளிது. அதனிடத்தில் வேறொரு பழக்கத்தை அமைத்துக்கொடாவிடின் பழையது வேறுருக் கொண்டு திரும்பிவரும்.

நியூயோர்க் நகரில் 36 ஆரம்பப் பாடசாலைகளைச் சேர்ந்த 224 ஆசிரியர்களிடையே நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வொன்று இங்கு குறிப்பிடத்தக்கது. ஆசிரியர்க்கு மனவெழுச்சிகளை நெறிப்படுத்தும் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்தம் மனவுளைச்சலும், எந்நேரமும் நேரம் போதவில்லை என்ற பரபரப்பும் குறைந்தன. அத்துடன், வகுப்பறையில் மாணவர்க்குக் கிடைக்கும் மனவாதரவும் மேம்பட்டிருந்ததை அவதானிப்பாளர் கண்டனர். பயின்றவர் ஆசிரியர், பயன்பெற்றவர் மாணவரும். பிள்ளைகளுக்கு ஒழுக்கபாடம் கற்பிக்கும் முன்னர் வளர்ந்தோர்க்கு இப்பயிற்சி வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான காரணம் வேண்டியதில்லை. பிள்ளை பாடநூலைப் பார்ப்பது சிறிதுநேரம்; ஆசிரியர் முகத்தைப் பார்ப்பதோ நாள்முழுதும்.

செய்யத்தக்கவை பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. ஆசிரியர்கள் மாதத்தில் ஒரு மணிநேரம் கூடி, தம் வகுப்பறையில் நிகழ்ந்த ஒரு நெருக்கடியை வெட்கமின்றி எடுத்துரைத்து, "வேறு யாது செய்திருக்கலாம்?" என்று ஆராய்ந்து, அதனை நடித்தும் பழகலாம். பிறர் குறையை வெளியே பேசுவதில்லை என்ற நம்பிக்கை அக்கூட்டத்தின் முதல் விதியாதல் வேண்டும். பெற்றோர் சந்திப்புக்களில் புள்ளிகளைப்பற்றிப் பேசும் நேரத்திற் சிறிதளவை, பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் பிள்ளையோடு பேசும் முறைக்கு ஒதுக்கலாம். உளமருத்துவத்திலும் ஆலோசனைத் துறையிலும் பணிபுரியும் பழைய மாணவர்கள் ஆண்டுவிழாவுக்கு மாத்திரம் வருகைதராது, எட்டு வாரங்கள் தொடர்ந்து வந்து கற்பிக்க முன்வரலாம். மைதானத்துக்கும் மண்டபத்துக்கும் பொருளுதவும் பழைய மாணவர் சங்கங்கள் இதனையும் தம் பணிகளுள் ஒன்றாக ஏற்குமாயின் கல்லூரி பெரிதும் கடமைப்பட்டிருக்கும்.

நாற்பது வயதைக் கடந்தபின் அப்பியாசக் கொப்பியில் ஐந்து நிரல்கள் வரைந்து எழுதத் தொடங்கியவன் நான். இன்றும் சினம் வருகின்றது, காது சுடுகின்றது. ஆயின், சுடுகின்றது என்பதை இப்பொழுது அறிகின்றேன். பத்து முறையில் ஆறேழு முறையேனும் சொல்லை நிறுத்திக்கொள்கின்றேன். நிறுத்தத் தவறிய நாளில், மறுநாட் காலை அம்மாணவனை அழைத்துப் பேசுகின்றேன். முதன்முறை அவ்வாறு பேசியபோது என் குரல் நடுங்கியது. எதிரே நின்ற மாணவன் யாது செய்வதென்று அறியாது தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். அன்றைய பாடவேளையிலேயே கைஉயர்த்திக் கேள்வி ஒன்றும் கேட்டான். பசு கன்று ஈன்ற மகிழ்ச்சியோடு வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இன்றும் நம் முன் அமர்ந்திருக்கின்றனர். அவர்களின் சிரிப்பைச் சிரிப்பாகவே காணும் கண்ணை நாம் முயன்று பெறுவோமாக.